இந்தியாவுக்கு அதிகமா வர்ற வெளிநாட்டுக்காரர் யார்?

(ஆடியோவில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, எடிட் செய்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஃபோனை எடுத்துத் தேடாம, மனசுல முதல்ல தோணுற பதிலைச் சொல்லுங்க. இந்தியாவுக்கு வர்ற வெளிநாட்டுப் பயணிகளில் எந்த நாட்டுக்காரங்க அதிகம்?

எங்க டீம்ல கேட்டேன். ஒருத்தர் அமெரிக்கான்னார். இன்னொருத்தர் பிரிட்டன். போன டிசம்பர்ல கோவா போயிட்டு வந்த தம்பி, "ரஷ்யா தான், சந்தேகமே இல்ல"ன்னு அடிச்சுச் சொன்னான். மலைப்பக்கம் ட்ரெக்கிங் போற பொண்ணு இஸ்ரேல்னு சொன்னா. அவங்கவங்க போன ஊர்ல அவங்கவங்க கண்ணுல பட்டவங்க. நானும் அப்படித்தான். மாமல்லபுரத்துல கேமராவோட நடக்கிறவங்களைப் பார்த்து, ஜெர்மனி, பிரான்ஸ்னு ஒரு கணக்கு வெச்சிருந்தேன்.

அந்தக் கணக்கு வேலூர்ல ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல உடைஞ்சுது.

2023-ல் பெரியம்மாவோட சிகிச்சைக்காக சிஎம்சி பக்கத்துல நாலு நாள் தங்க வேண்டியிருந்தது. வேலூர் போனவங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பக்கத்துல பாபு ராவ் தெருவுக்குள்ள நுழைஞ்சா, தமிழ்நாட்டில்தான் இருக்கோமான்னு ஒரு நிமிஷம் சந்தேகம் வரும். லாட்ஜ் போர்டு வங்காளத்துல. மருந்துக்கடை போர்டு வங்காளத்துல. மெஸ் வாசல்ல சோறும் மீன் குழம்பும் உண்டுன்னு எழுதினது வங்காளத்துல. ரிசப்ஷன்ல இருந்த அண்ணன் அந்த ஊர்க்காரர்தான், ஆனா வங்காளம் தண்ணி பட்ட பாடு. எனக்கு முன்னாடி நின்ன குடும்பம் கொல்கத்தாவா இருக்கும்னு நினைச்சேன். அவங்க மேஜை மேல வெச்சது ஆதார் இல்ல, பச்சை அட்டை போட்ட பாஸ்போர்ட். மூணு பேர், மூணு பாஸ்போர்ட். அண்ணன் கம்ப்யூட்டர்ல 'சி' ஃபார்மைத் திறந்து அடிக்க ஆரம்பிச்சார். அப்போ வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள்ள அந்தப் படிவத்துல அரசாங்கத்துக்குத் தகவல் போயாகணும்னு விதி இருந்தது. கோவால ரஷ்யர் தங்கினாலும் அதே ஃபார்ம்தான், ஜெய்ப்பூர்ல பிரெஞ்சுக்காரர் தங்கினாலும் அதே ஃபார்ம்தான்.

ஆமா, விடை வங்கதேசம்.

கோவிட்டுக்கு முந்தைய கடைசி முழு வருஷத்தை எடுத்துக்குவோம். 2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 9 லட்சம் பேர். அதில் வங்கதேசத்திலிருந்து மட்டும் 25.8 லட்சம். நாலு பேரில் ஒருத்தர்னு சொல்ற அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டாவது அமெரிக்கா, 15.1 லட்சம். மூணாவது பிரிட்டன், 10 லட்சம். அதுக்கப்புறம் பட்டியல் சரசரன்னு இறங்கிடுது. ஆஸ்திரேலியா, கனடா, சீனா, மலேசியா, இலங்கை எல்லாம் மூன்றரை லட்சத்தை ஒட்டி. ஜெர்மனி 2.6 லட்சம். எங்க தம்பி சத்தியம் பண்ணாத குறையா சொன்ன ரஷ்யா 2.5 லட்சம், பத்தாவது இடம். ரஷ்யர்கள் பெரும்பாலும் குளிர்காலத்துல, கோவால சில கடற்கரைகள்ல மட்டும் குவியுறாங்க. அந்தக் கடற்கரையில நின்னு பார்த்தா உலகமே ரஷ்யாதான்.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லன்னு கூட சொல்லலாம். பல நாடுகளுக்கு அதிகமா வர்றது பக்கத்து வீட்டுக்காரங்கதான். மலேசியாவுக்கு சிங்கப்பூர்க்காரங்க. 2024 வரைக்கும் அமெரிக்காவுக்குக் கனடாக்காரங்க. இலங்கைக்கு நாம. 2024-ல் இலங்கைக்குப் போன 20.5 லட்சம் பயணிகளில் 4 லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். நமக்கும் வங்கதேசத்துக்கும் நடுவுல 4,000 கிலோமீட்டருக்கு மேல எல்லை இருக்கு. கொல்கத்தாவிலிருந்து பெட்ராபோல் எல்லை 80 கிலோமீட்டர்தான், பஸ்ஸில் வந்துடலாம். கோவிட்டுக்கு முந்தைய மாத அறிக்கைகளை எடுத்துப் பாருங்க. வெளிநாட்டவர் எந்த வழியா உள்ள வந்தாங்கன்னு ஒரு பட்டியல் இருக்கும். டெல்லி விமான நிலையம், மும்பை விமான நிலையம், அதுக்கு அடுத்து பல மாதங்களில் ஹரிதாஸ்பூர்னு ஒரு பேர் வரும். அது விமான நிலையம் இல்ல. பெட்ராபோல் எல்லையில இருக்கிற குடியேற்றச் சோதனைச் சாவடி. சென்னை விமான நிலையத்தை விட அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்த வாசல், ஒரு தரைவழி கேட்.

சரி, இந்த எண்ணிக்கையை எப்படி எடுக்கிறாங்க? நீங்க எல்லையில காட்டுற பாஸ்போர்ட் எந்த நாட்டுது, அவ்வளவுதான். ஒரு ராத்திரியாவது தங்கணும், ஒரு வருஷத்துக்கு மேல தங்கக் கூடாது. எதுக்கு வந்தாலும் சரி. தாஜ்மகால் பார்க்க வந்தாலும், கல்யாணத்துக்கு வந்தாலும், கீமோதெரபிக்கு வந்தாலும் புள்ளிவிவரத்துல நீங்க 'வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி'.

இப்போ அந்த 15 லட்சம் அமெரிக்கர்களை மறுபடி பாருங்க. நியூ ஜெர்சியில குடியேறி, அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கின உங்க சித்தப்பா, டிசம்பர் சீசனுக்கு மயிலாப்பூர் வந்து, சபா கேன்டீன்ல அடையும் அவியலும் சாப்பிட்டுட்டு, அண்ணன் வீட்டு மாடி ரூம்ல தூங்குறார். அவர் கணக்குல அமெரிக்கச் சுற்றுலாப் பயணி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நாலு நாட்டு எண்ணிக்கையிலும் இப்படி நம்ம வம்சாவளிக்காரங்க பெரிய அளவுல கலந்திருக்காங்க. இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டே வெச்சிருக்கிற துபாய் மாமா இந்தக் கணக்குல வரமாட்டார். அவங்களுக்குத் தனிப் பட்டியல். 2019-ல் அந்தப் பட்டியலில் மட்டும் கிட்டத்தட்ட 70 லட்சம் பேர். ஒரே வீட்டுக்குத் திரும்பி வர்ற அண்ணன் தம்பி ரெண்டு பேர். ஒருத்தர் வெளிநாட்டுப் பயணி, இன்னொருத்தர் இல்ல.

அதனால "எந்த நாட்டவர் முக்கியம்"னு கேட்டா, தலையை எண்ணினா மட்டும் பதில் வராது. உடனே யாராவது சொல்வாங்க: "தலை எண்ணிக்கை எதுக்கு? காசு யார் கொடுக்கிறாங்கன்னு பாருங்க." நியாயமான கேள்வி.

தாய்லாந்து இதுக்கு நல்ல உதாரணம். 2019-ல் அங்க போன சுமார் 4 கோடிப் பேரில் ஒரு கோடிக்கும் மேல் சீனர்கள். ஆனா அதுக்கு முன்னாடியே அங்க ஒரு பெரிய சிக்கல் இருந்தது. 'ஸீரோ டாலர் டூர்'னு சொல்வாங்க. பயணிகிட்ட டூருக்குக் காசே வாங்காத மாதிரி அழைச்சிட்டு வருவாங்க. வந்தப்புறம் குறிப்பிட்ட நகைக்கடை, குறிப்பிட்ட ஹோட்டல், குறிப்பிட்ட பஸ்ன்னு தங்களோட ஆளுங்க நடத்துற இடங்களுக்கே கூட்டிட்டுப் போய் வாங்க வெப்பாங்க. கூட்டம் தாய்லாந்துல, லாபம் வேற எங்கேயோ. 2016-ல் தாய்லாந்து அரசாங்கம் அந்தக் கம்பெனிகள் மேல நடவடிக்கை எடுத்தது. அதனால தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்து சந்தோஷப்படக் கூடாதுங்கிறது சரிதான்.

ஆனா வங்கதேசத்துக்காரங்க விஷயத்துல பலர் இதைத் தலைகீழா தப்பாப் புரிஞ்சுக்கிறாங்கன்னு நினைக்கிறேன். பஸ்ஸுல வர்றாங்க, லாட்ஜ்ல தங்குறாங்க, அப்ப என்ன பெரிசா செலவு பண்ணிடப் போறாங்கன்னு ஒரு அலட்சியம்.

அவங்க எங்க செலவு பண்றாங்கன்னு பார்க்கலாம். முதல் இடம் கொல்கத்தா. நியூ மார்க்கெட் பக்கத்துல மார்க்விஸ் ஸ்ட்ரீட், சடர் ஸ்ட்ரீட்னு சில தெருக்கள். அந்த ஊர்க்காரங்களே அதைக் 'குட்டி வங்கதேசம்'னுதான் சொல்வாங்க. ஹோட்டல், பணம் மாத்துற கடை, டாக்கா பஸ் கவுன்டர், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர்ற ஏஜென்ட், வங்கதேச ருசியில சமைக்கிற சாப்பாட்டுக் கடை, எல்லாமே அவங்களுக்காக. ரம்ஜானுக்கு முன்னாடி துணி எடுக்க வருவாங்க. கல்யாணம்னா நகை, புடவை எடுக்க வருவாங்க. ஐரோப்பியர் வர்ற மாதிரி குளிர்கால நாலு மாசத்தோட நிக்கிற வரவு இல்ல இது. மே, ஜூன் வெயிலிலும் ரூம் நிரம்பும். ஹோட்டல் நடத்துறவங்களைக் கேளுங்க, சீசன் இல்லாத மாசத்துல வர்ற வாடிக்கையாளருக்கு என்ன மதிப்புன்னு சொல்வாங்க.

இரண்டாவது, சிகிச்சை. இங்கதான் நம்ம ஊர் வருது.

2019-ல் மருத்துவத்துக்காக இந்தியா வந்த வெளிநாட்டவர் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர். அதில் பாதிக்கும் மேல் வங்கதேசத்திலிருந்து. இது மருத்துவ விசாவில் வந்தவங்க கணக்கு. சுற்றுலா விசா எடுத்துட்டு வந்து, நடுவுல டாக்டரைப் பார்த்துட்டுப் போறவங்க பலர். கொல்கத்தாவுல முடியாததுக்கு அடுத்து அவங்க வர்ற இடம் பெரும்பாலும் தெற்குதான். சென்னை கிரீம்ஸ் ரோடு, பெங்களூரு, வேலூர். கிரீம்ஸ் ரோடு பக்கம் சந்துகள்ல நடந்து பாருங்க. ஒரு பக்கம் அப்போலோ, சற்றுத் தள்ளி சங்கர நேத்ராலயா, நடுவுல இருக்கிற சந்துல வாடகை ரூம் போர்டுகள் வங்காளத்துல இருக்கும். ரூம்ல கேஸ் அடுப்பு, பாத்திரம் உண்டுங்கிறதையும் சேர்த்து எழுதியிருப்பாங்க.

அந்த கேஸ் அடுப்பு முக்கியம். ஒரு சாதாரண டூரிஸ்ட் மூணு ராத்திரி தங்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவார். நோயாளி தனியா வரமாட்டார். மருத்துவ விசாவோட கூடத் துணைக்கு ரெண்டு பேர் வர விசா உண்டு. மூணு பேர், ரெண்டு வாரம், சில சமயம் ரெண்டு மாசம். தினமும் வெளியில சாப்பிட முடியாது, அதனால சமைக்கிறாங்க. மீன் வாங்குறாங்க, கடுகெண்ணெய் வாங்குறாங்க. ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை, ஆட்டோ, சிம் கார்டு, துணி துவைக்கிற ஆள். ஆறு மாசம் கழிச்சு செக்கப்புக்கு மறுபடி வர்றாங்க, அதே லாட்ஜுக்கு. அவங்க சொல்லி அவங்க மாமா வர்றார். இந்தக் காசு எந்த ஐந்து நட்சத்திர ஹோட்டல் கணக்குலயும் ஏறாது. ஒரு தெருவுல இருக்கிற நூறு கடையில சிதறி விழும். நாட்டோட அந்நியச் செலாவணி வருமானம்னு ஒரே ஒரு பெரிய தொகை வெளியாகும். 2019-ல் அது 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. பாபு ராவ் தெரு அந்தத் தொகைக்குள்ள கண்ணுக்கே தெரியாது.

விளம்பரத்துலயும் தெரியாது. 'இன்கிரெடிபிள் இந்தியா' 2002-ல் தொடங்கியது. அந்த வரிசை விளம்பரங்களை ஞாபகப்படுத்திப் பாருங்க. யோகா பண்றது யார், யானை மேல உட்கார்ந்திருக்கிறது யார், நம்ம ஊர் டாக்சிக்காரர் ஏமாத்தக் கூடாதுன்னு ஆமிர் கான் வந்து கெஞ்சுறது யாருக்காக? பெரும்பாலும் ஒரு வெள்ளைக்காரப் பயணிக்காக. அதிகமா வர்ற விருந்தாளி அந்த ஃப்ரேமுக்குள்ளயே இல்ல.

சரி, விளம்பரம் இல்லாம இவ்வளவு பேர் எப்படி வந்தாங்க? 2015 வரைக்கும் அமெரிக்காதான் முன்னாடி இருந்தது. 2016-ல் வங்கதேசம் தாண்டியது. 2015-ல் 11 லட்சம் சொச்சமா இருந்த எண்ணிக்கை, நாலே வருஷத்துல இரண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. வங்கதேசத்துல நடுத்தர வர்க்கத்தோட கையில காசு சேர்ந்தது ஒரு காரணம். ஆனா பெரிய காரணம் சலிப்பூட்டுற ஒண்ணு: விசா.

160-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரங்க வீட்டுல உட்கார்ந்து ஆன்லைன்ல இந்திய இ-விசா வாங்கலாம். அந்தப் பட்டியலில் வங்கதேசம் கிடையாது. அவங்க நேர்ல போய் விண்ணப்பிச்சு, பாஸ்போர்ட்ல ஸ்டிக்கர் ஒட்டி வாங்கணும். விசாவுக்குக் கட்டணம் இல்ல, ஆனா வரிசை உண்டு. அந்த வரிசையை இந்தியா படிப்படியா சுருக்கியது. 2018-ல் டாக்காவில் ஜமுனா ஃபியூச்சர் பார்க்னு ஒரு பெரிய மாலுக்குள்ள பிரம்மாண்டமான விசா மையம் திறந்தாங்க. டாக்கா–கொல்கத்தா மைத்ரி எக்ஸ்பிரஸ் 2008-லேயே ஓட ஆரம்பிச்சது. 2017-ல் குல்னாவிலிருந்து பந்தன் எக்ஸ்பிரஸும் சேர்ந்தது. கவுன்டர் கூடியது, ரயில் கூடியது, ஆள் வந்தாங்க. வேற மந்திரம் ஒண்ணுமில்ல.

கவுன்டரைத் திறந்தா வர்றவங்க, மூடினா நின்னுடுவாங்க. அதுவும் நடந்தது.

2024 ஜூலையில் வங்கதேசத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது. ரயில்கள் அப்போதே நின்றன. ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஷேக் ஹசீனா பதவி விலகி இந்தியாவுக்கு வந்துசேர்ந்தார். விசா மையங்கள் மூடப்பட்டன. இந்தியத் தூதரகத்துல அவசியப் பணியில இல்லாதவங்களை நாட்டுக்குத் திருப்பி அழைச்சாங்க. பிறகு மையங்கள் திறந்தும், அவசர மருத்துவம், மாணவர்னு ஒரு சிலருக்கு மட்டும் குறைந்த அளவில் விசா. சாதாரண சுற்றுலா விசா நின்னுபோச்சு. இதுல ஒரு வேதனை என்னன்னா, அதுக்கு ஆறே வாரம் முன்னாடி, ஜூன் மாசம் ஹசீனா டெல்லி வந்தப்போ, வங்கதேச நோயாளிகளுக்கு இ-மருத்துவ விசா கொடுக்கப்போறோம்னு இந்தியா அறிவிச்சிருந்தது.

அந்த வருஷக் கணக்கு வெளியானப்போ ஒரு செய்தி வந்தது: இந்தியாவுக்கு அதிகமா வர்றவங்களில் அமெரிக்கா முதலிடம். படிச்சா அமெரிக்கர்கள் குவியுற மாதிரி இருக்கும். எண்களைப் பாருங்க. 2024-ல் அமெரிக்காவிலிருந்து 18 லட்சம். 2019-ஐ விடக் கூடுதல், நல்ல விஷயம்தான். வங்கதேசம் 2023-ல் 21 லட்சம், 2024-ல் 17.5 லட்சம். இந்த 17.5 லட்சத்துல பெரும்பங்கு கதவு திறந்திருந்த முதல் ஏழு மாசத்துல வந்தது. அது அப்படியே போயிருந்தா முதலிடம் யாருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

மொத்த எண்ணிக்கை அந்த வருஷம் விழவே இல்ல. 2023-ல் 95 லட்சம், 2024-லும் அதைச் சுத்தித்தான், ஒரு கோடிக்குச் சற்றுக் கீழே. டெல்லியில உட்கார்ந்து பார்த்தா ஒண்ணுமே நடக்கலை. ஆனா நியூ ஜெர்சி சித்தப்பா கூடுதலா ரெண்டு தடவை வந்தாலும் மார்க்விஸ் ஸ்ட்ரீட் ஹோட்டல்ல ரூம் எடுக்கப் போறதில்ல. அவர் வர்றது மயிலாப்பூர் மாடி ரூமுக்கு. ஒரு நாட்டவரோட வரவு குறைஞ்சதை இன்னொரு நாட்டவர் ஈடுகட்டலாம்னு காகிதத்துல சொல்லலாம். தெருவுல அது நடக்காது. ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் தனித் தெரு, தனி மாசம், தனிச் சாப்பாடு.

மாலத்தீவு ஞாபகம் இருக்கா? நம்மில் பலர் ஸ்டேட்டஸ் போட்ட விஷயம்தான். 2023-ல் மாலத்தீவுக்கு அதிகமா போனது இந்தியர்கள், 2 லட்சத்து 9 ஆயிரம் பேர். ரஷ்யர்களும் ஏறக்குறைய அதே அளவு, வித்தியாசம் சில பத்துப் பேர்தான். 2024 ஜனவரியில் அங்க மூணு துணை அமைச்சர்கள் இந்தியப் பிரதமரைக் கிண்டல் பண்ணிப் பதிவு போட, இங்க புறக்கணிப்பு ஆரம்பிச்சது. அந்த வருஷம் இந்தியர் எண்ணிக்கை 1.3 லட்சமாக விழுந்தது. மாலத்தீவு என்ன ஆச்சு? சீனர்கள் 2.6 லட்சம் பேர் வந்தாங்க, மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டி சாதனை பண்ணாங்க. ஒரு தீவுல ஒரு ரிசார்ட்னு இருக்கிற இடத்துல அது முடியும். மெனு கார்டை மாத்தினா போதும். இத்தனைக்கும் அப்படி ஈடுகட்டின மாலத்தீவே, இந்தியப் பயணிகளைத் திரும்பக் கூப்பிட இங்க ரோட் ஷோ நடத்த வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வராம இருக்கிறதோட விலை அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அமெரிக்காவும் இதைத்தான் இப்போ அனுபவிக்குது. 2025-ல் வரி, '51-ஆவது மாநிலம்'னு பேச்சு கிளம்பினதும், அங்க அதிகமா போய்க்கிட்டிருந்த கனடாக்காரங்க காரைத் திருப்பிட்டாங்க. எல்லையோர ஊர்க் கடைகள்லதான் முதல் அடி விழுந்தது.

இதுக்கு எதிர்ப்பக்க நியாயமும் இருக்கு, சொல்லாம விட்டா தப்பு. ஒரு நாட்டுல ஆட்சி கவிழ்ந்து, தெருவுல கலவரம் நடக்கும்போது, தூதரக ஊழியர்களோட பாதுகாப்பைப் பார்க்காம விசா கவுன்டரைத் திறந்து வைன்னு யாரும் சொல்ல முடியாது. எல்லை விஷயத்துல அரசாங்கத்துக்கு வேற கவலைகளும் உண்டு. எனக்குக் கேள்வி அங்க இல்ல. விசா முடிவு வெளியுறவு, உள்துறை அமைச்சகங்கள் எடுக்கிறது. சுற்றுலா அமைச்சகம் விளம்பரம் எடுக்கும், ஆனா கதவுச் சாவி அவங்க கையில இல்ல. இதனால யாருக்கு எவ்வளவு அடி விழும்னு கணக்குப் பார்க்கிற மேஜையில வேலூர் லாட்ஜ்காரருக்கு நாற்காலி இருந்ததான்னு கேட்டா, இல்லன்னுதான் நினைக்கிறேன். 2024 டிசம்பரில் இரு பக்கமும் கோபம் உச்சத்துல இருந்தப்போ, திரிபுராவில் ஹோட்டல்காரங்க சங்கமே வங்கதேசத்துக்காரங்களுக்கு ரூம் தரமாட்டோம்னு அறிவிச்சது. அவங்க வியாபாரத்தை அவங்களே மூடின அந்த முடிவை எனக்கு ஏத்துக்க முடியலை.

போகாதவங்க சும்மா இருந்துட மாட்டாங்க. வங்கதேச மத்திய வங்கி, தன் நாட்டுக்காரங்க கிரெடிட் கார்டை வெளிநாட்டுல எங்க தேய்க்கிறாங்கன்னு மாசாமாசம் சொல்லும். ரொம்ப நாளா அதில் இந்தியாதான் முதலிடம். 2024 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் அமெரிக்காவும் தாய்லாந்தும் முந்திடுச்சு. வசதியானவங்க பாங்காக் ஆஸ்பத்திரிகளுக்குப் போனாங்க. 2025 மார்ச்சில் சீனா, யுன்னான் மாகாணத்தில் குன்மிங் நகர ஆஸ்பத்திரிகளை வங்கதேச நோயாளிகளுக்குத் திறந்துவிட்டது. முதல் குழு போயும் வந்தாச்சு. சீனாவுல மொழி தெரியாது, சாப்பாடு ஒத்துக்காது, தெரிஞ்ச டாக்டர் கிடையாது. ஆனா விசா கிடைக்குது. பாங்காக்குக்கும் குன்மிங்குக்கும் போக வசதி இல்லாதவங்க? பாதியில நிக்கிற சிகிச்சை, தேதி தாண்டிப்போன செக்கப், தபால்ல அனுப்ப முடியாத ஸ்லைடு. அவங்க எந்த நாட்டுப் பயணிக் கணக்குலயும் வரமாட்டாங்க.

2025-ல் பெரியம்மாவோட செக்கப்புக்கு மறுபடி வேலூர் போனோம். அதே லாட்ஜ், அதே அண்ணன். ரூம் உடனே கிடைச்சுது, முன்னாடி மாதிரி அரை மணி நேரம் காத்திருக்கலை. தெருவுல போர்டுகள் எல்லாம் அப்படியே வங்காளத்துல. அதைப் பார்த்துட்டு, எல்லாம் சரியாயிடுச்சு போலன்னு பெரியம்மா சொன்னாங்க. அண்ணன் சிரிச்சார். மேற்கு வங்காளம், திரிபுராக்காரங்களும் அதே எழுத்தைத்தான் படிக்கிறாங்க, அவங்க ஹௌராவிலிருந்து ரயில் ஏறி காட்பாடியில இறங்கிக்கிட்டுதான் இருக்காங்கன்னார். போர்டைப் பார்த்து யாரு எந்த நாடுன்னு சொல்ல முடியாது. தெரியணும்னா ரெண்டு இடத்தைப் பார்க்கச் சொன்னார். ஒண்ணு அவரோட கம்ப்யூட்டர். 'சி' ஃபார்ம் திறந்தே பல நாளாச்சாம். இன்னொண்ணு, தெருமுனையில வங்கதேச டாகா மாத்திக் கொடுக்கிற கடை. போய்ப் பார்த்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ள ஒரு பையன் ஃபோன் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டிருந்தான்.